யார் வீட்டுப் பூனை

எங்கள் தெருவில் ஒரு பூனைக்கு நான்கு பெயர்கள். எதிர் வீட்டு அக்காவுக்கு அது மணி. கோடி வீட்டுப் பிள்ளைகளுக்கு டைகர். என் அம்மாவுக்கு வெறும் ‘இந்தா பூனை’. பக்கத்து வீட்டு சாருக்கு ‘அந்தச் சனியன்’. நான்குக்கும் அது திரும்பிப் பார்க்கிறது, சனியனுக்கும்கூட. ஆனால் இது யார் வீட்டுப் பூனை என்று கேட்டுப் பாருங்கள். நான்கு வீட்டிலும் ஒரே பதில்தான் வரும்: “எங்க வீட்டுது இல்லப்பா.”

கேட்டால் ஏதோ தகவல் சொல்வது மாதிரிதான் இருக்கும். ஆனால் இந்தப் பதில் வந்த பிறகு மேற்கொண்டு பேச எதுவும் இருக்காது. சோறு போடுகிறவர் இதைச் சொல்லிவிட்டு சோறு போடுகிறார், கல்லை எடுக்கிறவர் இதைச் சொல்லிவிட்டுக் கல்லை எடுக்கிறார். நம்முடையது இல்லாத ஒரு உயிர் நம் மண்ணுக்குள் வந்து போகும்போது அதற்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம்? ஏதாவது கடன்பட்டிருக்கிறோமா? ஒரு வருஷமாக எங்கள் தெருவில் நடந்ததை வைத்து இதை யோசித்துப் பார்க்க முயல்கிறேன்.

தாம்பரத்துக்குக் கிழக்கே, எண்பதுகளில் மனை போட்டுக் கட்டிய தனிவீடுகள் இன்னும் மிச்சமிருக்கும் தெரு இது. அடுக்குமாடிகள் இரண்டு பக்கமும் நெருங்கி வந்துவிட்டன. மிச்ச வீடுகளில் முன்னால் நாலடி, பின்னால் பத்தடி மண் உண்டு. ஒரு முருங்கை, செம்பருத்தி, கறிவேப்பிலை, மூடி போட்ட கிணறு, துவைக்கிற கல். இந்த மண்ணை நம்பி இப்போதைக்கு ஐந்து பூனைகள். முடிவெடுக்கத் தெரியாதவனை ‘மதில் மேல் பூனை’ என்கிறோம். பூனையைக் கொஞ்ச நாள் கவனித்தவர்கள் அந்தப் பழமொழியைச் சொல்ல மாட்டார்கள். மதில் மேல் இருக்கிற பூனைக்கு எந்தக் குழப்பமும் கிடையாது. நாம் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று பிரிக்கக் கட்டிய சுவர் அதற்கு ஒரு சாலை. எங்கள் மதிலில் ஏறி, ஏசி பெட்டியில் கால் வைத்து, சார் வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் இறங்கி, அங்கிருந்து கீரைப்பாத்தி. தினமும் அதே நேரம், அதே வழி.

கீரைப்பாத்தியிலிருந்துதான் தகராறு ஆரம்பம்.

சார் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பின்பக்கம் மூன்று பாத்தி போடுகிறார்: அரைக்கீரை, சிறுகீரை, கொஞ்சம் புளிச்சகீரை. மண்ணைக் கொத்தி, கல் பொறுக்கி, எரு கலந்து, விதையை மணலோடு சேர்த்துத் தூவி, பூவாளியில் தண்ணீர் தெளிப்பார். அப்படிப் பொலபொலவென்று ஆக்கி வைத்த மண் பூனையின் கண்ணுக்கு எப்படித் தெரியும்? தனக்கென்றே யாரோ கட்டிக்கொடுத்த கழிப்பறை மாதிரிதான். காலையில் போய்ப் பார்த்தால் நடுப்பாத்தியில் குழி, சுற்றிலும் கிளறிய மண், முளைவிட்ட விதையெல்லாம் வெளியே.

பூனைப் பிரியர்கள் இந்த இடத்தில் சிரித்துவிடுவார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாரின் மகள் அப்போது பிரசவத்துக்கு வந்திருந்தார். டாக்ஸோபிளாஸ்மா என்று ஒரு ஒட்டுண்ணி உண்டு. அதன் வாழ்க்கைச் சுழற்சி முழுமையடைவது பூனை இனத்தின் குடலில் மட்டும்தான். பூனையின் மலத்தோடு வெளியேறி, ஓரிரு நாளில் தொற்றும் நிலைக்கு வந்து, ஈர மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். கர்ப்பிணிக்கு முதல்முறையாகத் தொற்றினால் வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கலாம். உண்மையில் ஒரு பூனை தன் வாழ்நாளில் பெரும்பாலும் முதல் தொற்றை ஒட்டிய சில வாரங்கள்தான் இதை வெளியேற்றுகிறது. சரியாக வேகாத இறைச்சியும் முக்கியமான வழி. கீரையை நன்றாகக் கழுவி வேகவைத்தால் பயம் இல்லை. இதையெல்லாம் சாரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: “எல்லாம் சரி தம்பி. நான் போட்ட கீரைய நானே பயந்து பயந்து சாப்பிடணுமா?”

நியாயமான கேள்வி. 17ஆம் நூற்றாண்டில் ஜான் லாக், ஒருவன் தன் உழைப்பை நிலத்தோடு கலக்கும்போதுதான் அது அவன் சொத்தாகிறது என்று வாதிட்டார். சார் லாக்கைப் படித்தவர் இல்லை, ஆனால் அவர் வாதம் அதேதான். பத்திரத்தை அவர் காட்டவே இல்லை, கையில் காய்ப்பு ஏறியிருப்பதைத்தான் காட்டினார். (லாக்கின் கணக்குப்படி பார்த்தால் பூனையும் அதே மண்ணில் தன் உழைப்பைக் கலக்கத்தான் செய்கிறது. இதை நான் சாரிடம் சொல்லவில்லை.)

எதிர் வீட்டு அக்கா சைவம். முட்டை வாசனையே ஆகாது. ஆனால் வாரத்துக்கு இரண்டு நாள் மீன்காரம்மாவை நிறுத்தி நெத்திலியோ மத்தியோ வாங்குவார். அது வீட்டுக்குள் போகாது. கொல்லையில் தனி அடுப்பு, தனிச் சட்டி. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வேகவைத்து, முள் எடுத்து, ஆற வைத்துப் பூனைகளுக்குப் போடுவார். முதலில் தயிர்சாதம்தான் போட்டுக்கொண்டிருந்தார். “அதுங்களுக்கு ஒத்துக்கல தம்பி. வயிறு போகுது. கண்ணெல்லாம் மங்கலா இருக்கு. பாவம்.” கண் மங்கியதற்கு என்ன காரணமோ தெரியாது. ஆனால் அக்கா போய்ச் சேர்ந்த முடிவு சரிதான். டாரின் என்ற ஒரு சத்தை நம் உடல் தானே தயாரித்துக்கொள்ளும், பூனையின் உடலால் போதுமான அளவு முடியாது. இறைச்சியிலிருந்துதான் கிடைக்க வேண்டும். இல்லாவிட்டால் நாளடைவில் கண் போகும், இதயம் கெடும்.

எங்கள் தெருவிலேயே தத்துவப் பிரச்சினையை முழுசாகச் சந்தித்தவர் இந்த அக்காதான் என்று நினைக்கிறேன். 1867இல் வடலூரில் தருமச்சாலை தொடங்கிய வள்ளலார், பசி தீர்ப்பதையும் புலால் மறுத்தலையும் ஒரே ஜீவகாருண்யத்தின் இரண்டு பக்கங்களாகச் சொன்னார். பூனைக்கு முன்னால் அந்த இரண்டும் பிரிந்து நிற்கின்றன. அதன் பசியைத் தீர்க்க வேண்டுமானால் இன்னொரு உயிர் சட்டிக்குள் போக வேண்டும். அக்கா இதை ஒரு சித்தாந்தமாக்கிக் கொள்ளவில்லை. தனிச் சட்டி வைத்துச் சமாளிக்கிறார். நெத்திலிக்குப் பாவம் இல்லையா என்று ஒருமுறை அம்மா கேட்டபோது, “அது செத்துத்தானே வருது?” என்றார். சொல்லிவிட்டு அவரே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

வாயில்லா ஜீவன் என்று பூனையைச் சொல்கிறோம். வேடிக்கைதான். வளர்ந்த பூனைகள் ஒன்றையொன்று பார்த்து ‘மியாவ்’ என்று கத்துவது அபூர்வம். அந்தச் சத்தத்தை அவை பெரும்பாலும் மனிதர்களுக்கென்றே வைத்திருக்கின்றன. நம்மிடம் பேசுவதற்கென்று ஒரு பாஷையே வைத்திருக்கிற பிராணியை வாயில்லாதது என்கிறோம்.

*

போன வருஷம் நவராத்திரிக்குப் பத்து நாள் இருக்கும்போது, செம்பட்டை நிறத்தில் ஒரு கடுவன் சார் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் செத்துக் கிடந்தது. வாயோரமும் மூக்கிலும் ரத்தம். அக்கா வந்து பார்த்தார். அழவில்லை. “விஷம் வச்சிட்டாங்க” என்று மட்டும் சொன்னார். யார் என்று சொல்லவில்லை. ஆனால் எந்த வீட்டைப் பார்த்துச் சொன்னார் என்பது தெருவுக்கே தெரிந்தது. அந்த வருஷக் கொலுவுக்கு சார் வீட்டு அம்மாவுக்கு அழைப்பு போகவில்லை. முப்பது வருஷப் பழக்கம்.

சார் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: “கோணியில கட்டி எங்கயாவது விட்டுடலாம்னு சொன்னேன். வாஸ்தவம். விஷம் வைக்கிறவனா நான்?”

நான் அவரை நம்பினேன். காரணம் அவருடைய குணம் மட்டுமில்லை. எங்கள் தெருமுனையில் ஒரு மளிகைக்கடை, அதற்கு அடுத்தது அடுக்குமாடியின் குப்பைத் தொட்டி. இரண்டு இடத்திலும் எலி மருந்து வைப்பார்கள். கடைகளில் கேக் மாதிரி கிடைக்கிற இந்த மருந்துகளில் பலவும் ரத்தம் உறைவதைத் தடுப்பவை. தின்ற எலி உடனே சாகாது. சில நாள் தள்ளாடிக்கொண்டு திரியும். அதைவிட எளிதாக ஒரு பூனைக்கு எந்த இரையும் கிடைக்காது. அந்த எலியைத் தின்ற பூனைக்குள்ளும் மருந்து போகும், உள்ளே ரத்தம் கசியும். கடுவன் அப்படித்தான் செத்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. யாரும் அறுத்துப் பார்க்கவில்லை, வேப்பமரத்தடியில் புதைத்துவிட்டோம். ஆனால் அப்படியும் இருக்கலாம். அப்படியானால் கொன்றவர் என்று ஒருவரைக் கைகாட்ட முடியாது. கடைக்காரர் எலிக்குத்தான் வைத்தார். எலி வந்தது குப்பையால். குப்பை எல்லார் வீட்டிலிருந்தும் போகிறது.

எனக்கு இதில் உறுத்தியது ஒன்றுதான். ‘யார் வச்சது?’ என்ற கேள்வியும் ‘யார் வீட்டுப் பூனை?’ என்ற கேள்வியும் ஒரே வேலையைச் செய்தன. ஒருவர் பெயரைக் கண்டுபிடித்து அவர் தலையில் கட்டிவிட்டால் மற்றவர்கள் வீட்டுக்குப் போகலாம்.

சட்டமும் வெகுகாலம் இந்த வழியில்தான் யோசித்தது. 1860இல் வந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 428ஆவது பிரிவு, ஒரு விலங்கைக் கொன்றால் தண்டனை உண்டு என்றது. ஆனால் அந்த விலங்கின் மதிப்பு பத்து ரூபாயாவது இருக்க வேண்டும். விலங்கைக் கொல்வது அங்கே ‘சொத்துக்குச் சேதம்’ என்ற தலைப்பின் கீழ் வந்தது. தெருப்பூனைக்கு விலை யார் சொல்வது? 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆவது பிரிவில் அந்த விலை இல்லை. எந்த விலங்கானாலும் சரி, ஐந்து வருஷம் வரை சிறை. நடுவில் 1960ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டம், பசியால் வாடும் நிலையில் ஒரு விலங்கைக் கைவிடுவதையும் குற்றமாக்கியது. முதல் தடவைக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை. தாம்பரத்தில் ஒரு வேளை டிபன் செலவு.

சார் சொன்ன கோணிப்பை யோசனை புதிதில்லை. நம் ஊர்களில் தலைமுறை தலைமுறையாக நடப்பதுதான். மார்க்கெட் பக்கம் விட்டால் மீன் தின்று பிழைத்துக்கொள்ளும் என்பார்கள். அந்த ‘எங்கயாவது’ என்ற வார்த்தையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். அங்கேயும் ஒரு கீரைப்பாத்தி இருக்கும், ஒரு சார் இருப்பார். ஏற்கனவே இருக்கிற பூனைகள் புதிதாக வந்ததை அந்த இடத்தில் நிம்மதியாக இருக்க விடாது. இங்கே காலியான இடத்துக்கு, சோறும் எலியும் இருக்கிறவரை, வேறொரு பூனை வரும். மொத்தத்தில் பூனையின் கஷ்டம் குறைவதில்லை. அது நம் கண்ணில் படாது, அவ்வளவுதான்.

*

வேறு ஊர்களில் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று படித்துப் பார்த்தேன். இங்கிலாந்தில் மாடு ஆடு அடுத்தவன் நிலத்தில் புகுந்து சேதம் செய்தால் உடைமையாளர் பொறுப்பு என்று 1971ஆம் வருஷத்துச் சட்டம் சொல்கிறது. பூனை அந்தப் பட்டியலில் இல்லை. வண்டியில் நாயை அடித்துவிட்டால் நிறுத்தித் தகவல் சொல்ல வேண்டும் என்கிற 1988ஆம் வருஷத்துச் சாலைச் சட்டத்திலும் கழுதை வரை இருக்கிறது, பூனை இல்லை. பூனை எங்கே வேண்டுமானாலும் போகும் என்பதை அங்கே ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். இதற்கு நேரெதிர் ஆஸ்திரேலியாவின் கான்பரா. அங்கே 2022 ஜூலை 1க்குப் பிறகு பிறந்த பூனைகளை வளர்ப்பவர்கள் தங்கள் இடத்தைவிட்டு வெளியே திரிய விடக்கூடாது. அதே 2022இல் ஜெர்மனியின் வால்டோர்ஃப் என்ற சிற்றூரில், தரையில் கூடு கட்டும் கொண்டை வானம்பாடிகளைக் காப்பாற்றுவதற்காக, ஊரின் ஒரு பகுதியில் பூனைகளை ஆகஸ்ட் கடைசி வரை வீட்டுக்குள் வைத்திருக்கச் சொல்லி உத்தரவு போட்டார்கள்.

சுதந்திரமோ கட்டுப்பாடோ, இந்தச் சட்டங்கள் எல்லாம் ஒரு விஷயத்தை முன்கூட்டியே எடுத்துக்கொள்கின்றன: பூனைக்கு ஒரு வீடு இருக்கிறது, அதன் கதவைச் சாத்த ஒரு ஆள் இருக்கிறார். எங்கள் தெருவில் எந்தக் கதவைச் சாத்துவது?

கனடாவைச் சேர்ந்த சூ டொனால்ட்சனும் வில் கிம்லிக்காவும் 2011இல் எழுதிய ‘ஸூபோலிஸ்’ என்ற புத்தகம் இந்த இடத்தில் கொஞ்சம் உதவுகிறது. அவர்கள் விலங்குகளை மூன்றாகப் பிரிக்கிறார்கள். வீட்டு விலங்குகள் நம்மோடு சேர்ந்த குடிமக்கள் மாதிரி. காட்டு விலங்குகள் தனி நாடு மாதிரி, அவற்றின் இடத்தில் நாம் கை வைக்கக்கூடாது. மூன்றாவது வகைதான் எனக்கு முக்கியம்: நம் நடுவிலேயே வாழ்ந்துகொண்டு, நம் பராமரிப்பில் இல்லாதவை. அணில், காகம், எலி, ஆளில்லாத பூனை. இவற்றுக்கு ஊரில் குடியிருக்கும் உரிமை உண்டு என்கிறார்கள். விரட்டியடிக்கவோ கொல்லவோ நமக்கு உரிமையில்லை. அதேசமயம் வீட்டுப்பிள்ளை மாதிரி எல்லாம் செய்யும் கடமையும் இல்லை. கிட்டத்தட்ட ஒரே காம்பவுண்டில் இருக்கும் வாடகைக் குடித்தனம் மாதிரி. ஒருவர் சமையலறைக்குள் ஒருவர் போக வேண்டியதில்லை, ஆனால் குழாயைப் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும்.

தமிழில் இந்த ‘நடுவில் இருப்பது’ பழைய விஷயம். தொல்காப்பிய மரபியலில் ‘குட்டி’ என்ற சொல் எந்த இளம் உயிர்களுக்கு உரியது என்று ஒரு நூற்பா வரும்: கீரி, வெருகு, எலி, அணில். வேட்டையாடுவதும் வேட்டையாடப்படுவதும் ஒரே வரிசையில். இன்றைக்கும் எங்கள் கொல்லையின் வருகைப் பதிவேடு அதுதான். வெருகு என்பதைக் காட்டுப்பூனை என்று உரைகள் சொல்லும். குறுந்தொகையில் ஒக்கூர் மாசாத்தியார் பாட்டு ஒன்றில் அந்தி நேரத்தில் வேலியோரம் வெருகுகள் வந்து நிற்கும், வீட்டுக்கோழி பதறிக் குஞ்சுகளைக் கூப்பிடும். பூனை நிற்கிற இடத்தைக் கவனியுங்கள். காட்டில் இல்லை, வீட்டில் இல்லை, வேலியில்.

ஆனால் டொனால்ட்சன்–கிம்லிக்கா வகைப்பாடு முழுசாகப் பொருந்தவில்லை. அணில் எங்கள் தெருவில் இருப்பதற்கு யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. ஐந்து பூனைகள் இருப்பதற்கு அக்காவின் சட்டி வேண்டும். தினமும் அதே நேரத்தில் சோறு வைப்பது ஒரு வாக்குக் கொடுப்பதுதான் என்பது என் கட்சி. நீ வாயால் ‘எங்க வீட்டுது இல்ல’ என்று சொல்லலாம், தட்டு வேறு ஒன்றைச் சொல்கிறது. அந்தத் தட்டை நம்பித்தான் மணி வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை குட்டி போட்டது. தடவைக்கு மூன்று, நான்கு. அவற்றில் பெரும்பாலானவை ஆறு மாசம் தாண்டவில்லை. வண்டி, நாய், சளி, மழை. அக்கா அதை விதி என்பார்.

வைணவத்தில் மர்க்கட நியாயம், மார்ச்சார நியாயம் என்று இரண்டு உண்டு. குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ள வேண்டும், அதுபோல ஜீவனும் முயல வேண்டும் என்பது வடகலையார் பக்கம். பூனைக்குட்டி எதுவும் செய்ய வேண்டியதில்லை, தாய் கவ்விக்கொண்டு போய்விடும், அருள் அப்படித்தான் என்பது தென்கலையார் பக்கம். அழகான உவமை. ஆனால் அது குட்டியின் பக்கத்திலிருந்து பார்க்கிறது. பூனை ஏழு வீடு மாற்றும் என்பார்களே, அந்த ஏழாவது வீட்டின் பக்கத்திலிருந்தும் ஒருமுறை பார்க்கலாம். ஆனி மாசம் மணி மூன்று குட்டிகளைக் கவ்விக்கொண்டு வந்து எங்கள் கொல்லை ஷெட்டில், பழைய சிமென்ட் சாக்கு மேல் போட்டது. எங்களைக் கேட்கவில்லை. அம்மா முதலில் திட்டினார். பிறகு மழைச்சாரல் அடிக்கிறது என்று ஒரு பழைய புடவையை மடித்துப் போட்டார். “எங்க வீட்டுது இல்ல, ஆனா நனையுது” என்றார். சரணாகதி என்று வந்ததை ஏற்பதா வேண்டாமா என்பது பெருமாளுக்கு ஒரு கேள்வியாக இருந்திருக்காது. எங்களுக்கு இருந்தது. நாமே தேர்ந்தெடுத்த பொறுப்புகள் மட்டும்தான் நம்மைக் கட்டுப்படுத்தும் என்று நினைப்பது நவீன மனதுக்குச் சுகமாக இருக்கிறது. பெற்றோரும் நாம் தேர்ந்தெடுத்ததில்லை, பக்கத்து வீட்டுக்காரரும் இல்லை.

*

இதுவரை பேசாத ஒரு தரப்பு இருக்கிறது. எங்கள் எலுமிச்சைச் செடியில் தையல்சிட்டு இரண்டு இலையைச் சேர்த்துத் தைத்துக் கூடு வைத்திருந்தது. தரையிலிருந்து மூன்றடிகூட இருக்காது. ஒருநாள் காலையில் இலை கிழிந்து தொங்கியது. பூனையா செம்போத்தா தெரியவில்லை, இரண்டும் அந்தச் செடியைச் சுற்றி வருபவை. ஆனால் அதே வாரம் மணி ஒரு தவிட்டுக்குருவியைக் கவ்விக்கொண்டு மதில் மேல் போனதை நானே பார்த்தேன். பின்னாலேயே ஆறேழு தவிட்டுக்குருவிகள் கத்திக்கொண்டு போயின. அக்காவிடம் சொன்னபோது, “அது இயற்கை தம்பி” என்றார்.

இயற்கை என்ற சொல்லை அவ்வளவு சுலபமாக விட்டுவிட எனக்கு மனமில்லை. காட்டில் இரை குறைந்தால் வேட்டையாடும் விலங்கும் குறையும். அந்தக் கணக்கு இரண்டையும் காப்பாற்றுகிறது. சோறு போடப்படும் பூனைக்கு அந்தக் கணக்கு கிடையாது. ஓணானும் குருவியும் குறைந்தாலும் அதன் தட்டில் நெத்திலி குறையாது. வயிறு நிறைந்தால் வேட்டையாடாது என்பதும் சரியில்லை. பூனைக்குப் பசி வேறு, வேட்டை வேறு. அமெரிக்காவில் வெளியே திரியும் பூனைகள் வருஷத்துக்கு 130 கோடியிலிருந்து 400 கோடி வரை பறவைகளைக் கொல்வதாக 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது. நியூசிலாந்தின் ஸ்டீபன்ஸ் தீவில் கலங்கரை விளக்கம் கட்டிய பிறகு வந்து சேர்ந்த பூனைகளால், 1890களில், பறக்கத் தெரியாத ஒரு சின்னஞ்சிறு குருவி இனமே அழிந்தது. காவலாளியின் ஒரே ஒரு பூனை செய்தது என்று கதையாகச் சொல்வார்கள். பல பூனைகள் என்பதுதான் உண்மைக்குப் பக்கம். தாம்பரம் தீவு இல்லை. இங்கே உள்ள பறவைகள் பாம்பையும் காகத்தையும் வெருகையும் பார்த்துப் பழகியவை. அமெரிக்கக் கணக்கை இங்கே கொண்டுவந்து ஒட்ட முடியாது. ஆனால் மணி கவ்விய அந்தக் குருவியில் அக்காவின் சட்டிக்கும் எங்கள் ஷெட்டுக்கும் பங்கு இருக்கிறது.

பூனைக்கு நான்கு பெயர் இருக்கிறது. தவிட்டுக்குருவிக்கு ஒன்றுகூட இல்லை. கண்ணைப் பார்த்து நம்மிடம் வந்து கத்தத் தெரிந்த உயிர் மேல் இரக்கம் முந்திக்கொள்கிறது. அதை நான் குறை சொல்லவில்லை, இரக்கம் எங்கேயாவது தொடங்கித்தான் ஆக வேண்டும். ஆனால் தொடங்கிய இடத்திலேயே நின்றுவிட்டால் அது வெறும் விருப்பம்.

குட்டிகள் கண் திறந்து, பால் மறந்த பிறகு, மணிக்குக் கருத்தடை செய்துவிடலாம் என்று பேச்சு வந்தது. மணிக்கும், இன்னொரு பெண் பூனைக்கும். ஒன்றுக்கு நாலாயிரம் சொன்னார்கள். அக்கா முதலில் ஒப்பவில்லை. “அது வம்சத்த அறுக்குறதுக்கு நாம யாரு?” என்றார்.

இந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பேச முடியாத ஓர் உயிரைக் கூண்டில் பிடித்து, மயக்கி, அதன் கர்ப்பப்பையை எடுத்துவிட்டு, அதன் நன்மைக்குத்தான் என்று சொல்வது கூச்சம் தரும் விஷயம்தான். மனிதர்களுக்கு யாராவது இப்படிச் செய்தால் என்ன சொல்வோம் என்று தெரியும். ஆனால் தலையிடாமல் இருப்பது என்ற வழி எங்களுக்கு எப்போதோ போய்விட்டது. தட்டு வைத்த அன்றே தலையிட்டாகிவிட்டது. சோற்றை நிறுத்துவது, குட்டிகள் சாவதைப் பார்த்துக்கொண்டிருப்பது, கோணிப்பை, கத்தி. இந்த நான்கில் எதுவும் சுத்தமில்லை. கத்தியில் வலி ஒரு வாரம், அதன்பிறகு வருஷத்துக்குப் பத்துக் குட்டி சாவது நிற்கும், குருவிக்கும் கீரைக்கும் கொஞ்சம் மூச்சு கிடைக்கும். அதனால் கத்தி என்றேன். அம்மா இன்னும் சுருக்கமாகச் சொன்னார்: “சோறு போடுறவதான் இதையும் செய்யணும்.”

அக்கா இரண்டு நாள் கழித்துச் சம்மதித்தார். பணம் சேர்த்தோம். நான் கேட்காமலேயே சார் ஆயிரம் ரூபாய் கொண்டுவந்து கொடுத்தார். “இது பூனைக்கு இல்ல தம்பி. என் கீரைக்கு.” கடமைக்காகச் செய்வது மட்டுமே அறம் என்று சொன்ன காண்ட் இந்த ஆயிரத்தை ஏற்றுக்கொண்டிருக்க மாட்டார். டாக்டர் ஏற்றுக்கொண்டார்.

மயக்கம் தெளிந்து வந்தபோது மணியின் இடது காது நுனி வெட்டியிருந்தது. இதற்கு ஆபரேஷன் ஆகிவிட்டது என்று தூரத்திலிருந்தே தெரிவதற்கான அடையாளம். மூன்று நாள் எங்கள் ஷெட்டில் இருந்தது. என்னைப் பார்க்கும்போதெல்லாம் சீறியது. அதற்கு அந்த உரிமை உண்டு.

சார் பாத்தி மேல் கோழிவலையைக் கிடையாக விரித்துவிட்டார். கீரை கண்ணி வழியாக மேலே வருகிறது, பூனையால் கிளற முடிவதில்லை. அக்கா தன் கிணற்றோரம் ஒரு மூட்டை ஆற்று மணலைக் கொட்டி வைத்திருக்கிறார், பூனைகள் பாதி நாள் அங்கே போகின்றன. எலுமிச்சையின் அடித்தண்டைச் சுற்றி நான் காகிதப்பூ முள்ளைக் கட்டியிருக்கிறேன். செம்போத்துக்கு அது பொருட்டே இல்லை. சாரின் பேத்தி பிறந்து நன்றாக இருக்கிறாள். கடுவன் எப்படிச் செத்தது என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது. அக்காவும் சார் வீட்டு அம்மாவும் நேராகப் பேசிக்கொள்வதில்லை. கீரை மட்டும் எங்கள் வீட்டு வழியாக எதிர் வீட்டுக்குப் போகிறது.

மூன்று பூனை மிச்சம். ஞாயிற்றுக்கிழமை கூண்டு வைக்கிறோம். நெத்திலி அக்கா பொறுப்பு. கூண்டைத் தூக்க ஆள் வேண்டும் என்று சாரிடம் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குப் பேத்தியைப் பார்க்கச் சம்பந்தி வீட்டார் வருகிறார்கள், காலையில் சீக்கிரம் என்றால் முடியும் என்றார்.